17 குடுத்த வண்டி இப்ப 13 தான் குடுக்குது, ஈ20 தான் காரணமா?

துரைப்பாக்கம்வாசி:
வணக்கம், 2019 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் வச்சிருக்கேன், பிஎஸ்4 (புகைக்கான பழைய விதிப்படி வந்தது), மேனுவல் கியர். முன்னாடி சிட்டியிலயே லிட்டருக்கு 17 கிலோமீட்டர் குடுத்துச்சு, இப்ப கொஞ்ச மாசமா டேங்க் ஃபுல் டு ஃபுல் போட்டு பாத்தாலும் 13 தாண்ட மாட்டேங்குது. டெய்லி துரைப்பாக்கத்துல இருந்து சிறுசேரி போறேன், மெட்ரோ வேலையில ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) எப்படி இருக்கும்னு அந்தப் பக்கம் ஓட்டுறவங்களுக்கு தெரியும். ஆஃபீஸ்ல கேட்டா எல்லாம் ஈ20 பெட்ரோலால (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்த வினை, ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க. சர்வீஸ்ல கேட்டா டீகார்பன் (என்ஜின் உள்ள படிஞ்ச கரியை எடுக்கறது), இன்ஜெக்டர் க்ளீனிங், ஏதோ அடிட்டிவ்னு பில்லை ஏத்தப் பாக்குறாங்க. இதெல்லாம் பண்ணா மைலேஜ் வருமா? பாப்பாவுக்கு வீசிங் வேற இருக்கு, நம்ம வண்டி புகையாவது கொஞ்சம் கம்மியா போனா நல்லாருக்கும்.

கோவை_ஸ்பேனர்:
டீகார்பனுக்கு இப்ப காசு குடுக்காதீங்க சார். ஈ20 மேல மொத்தப் பழியும் போட முடியாதுங்க. எத்தனால்ல லிட்டருக்கு கிடைக்கற சக்தி பெட்ரோலை விட கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கம்மி, முன்னாடி 10 சதவீதம் கலந்தது இப்ப 20, கணக்குப் போட்டா 3, 4 சதவீதம் அடி வாங்கும், 17 வந்து பதினாறரை கிட்ட நிக்கணும். மீதி எங்க போச்சுன்னு தான் பாக்கணும். (பழைய வண்டியில ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் ஈ20ய மனசுல வச்சு செஞ்சது இல்ல, பெட்ரோல் வாடை அடிக்குதான்னு அப்பப்ப பாத்துக்கங்க, அது தனி விஷயம்.)

முதல்ல டயர் காத்து. டிரைவர் கதவைத் திறந்தா பக்கவாட்டுல ஸ்டிக்கர் ஒட்டிருக்கும், அதுல என்ன போட்டிருக்கோ அதான், பங்க்ல பையன் சொல்ற நம்பர் இல்ல. வண்டி ஓடி டயர் சூடானா காத்து கூடுதலா காட்டும், அதனால காலைல வீட்டுப் பக்கத்துலயே அடிச்சிருங்க. நைட்ரஜன் தான் வேணும்னு அலையாதீங்க, சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன் தான்.

அடுத்தது பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுதான்னு பாருங்க, இதை யாரும் கவனிக்கறதில்ல. கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் மிதிக்காம ஓட்டிட்டு நிறுத்தி நாலு வீல் பக்கத்துலயும் கையைக் கொண்டு போங்க, ஒண்ணு மட்டும் அனலடிச்சா அந்த வீல் பிரேக் விடாம ஒட்டிக்கிட்டு இருக்கு. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் மேனுவல்ல சொன்ன கிலோமீட்டருக்கு மாத்திருக்கான்னும் பாருங்க. ஆயில் கெட்டியானதா ஊத்துனா நல்லதுன்னு நினைச்சு கிரேடை மாத்தி ஊத்திருந்தாலும் மைலேஜ் குறையும்.

மலைக்காத்து:
இவ்ளோ எதுக்கு ப்ரோ, பாலம் இறங்கும்போது, சிக்னல் தெரிஞ்ச உடனே நியூட்ரல் தட்டி விட்டுருங்க, நான் கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் அப்படித்தான் இறங்குவேன், ஒரு சொட்டு பெட்ரோல் ஆகாது.

டீசல்_சித்தப்பா:
தம்பி மலைக்காத்து, தயவுசெஞ்சு அப்படி இறங்காத. கார்புரேட்டர் காலத்துல சொன்ன டிப்ஸ் இது. இன்ஜெக்‌ஷன் வண்டியில கியர்ல இருந்துக்கிட்டே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) பெட்ரோலையே கட் பண்ணிடும், சக்கரம் தான் என்ஜினைச் சுத்திக்கிட்டு இருக்கும். நியூட்ரல் போட்டேன்னா என்ஜின் அணையாம இருக்க ஐடிலிங்குக்கு பெட்ரோல் குடிச்சுக்கிட்டே வரும், ஆக நீ மிச்சம் பண்ணல, செலவு தான் பண்ற. அதோட மொத்த வேகத்தையும் பிரேக்கே தாங்கணும், பிரேக் காஞ்சு பிடிக்காமப் போச்சுன்னா அவ்ளோதான். மலைப்பாதையில ரெண்டாவது கியர்ல போகச் சொல்லி போர்டு வச்சிருக்கறது சும்மா அழகுக்கு இல்ல.

துரைப்பாக்கம் சார், உங்களுக்கும் இது உதவும், தூரத்துல சிக்னல் சிவப்பா தெரிஞ்சா கியர்லயே காலை எடுத்துட்டு உருட்டிட்டுப் போங்க, கடைசி நிமிஷம் வரை மிதிச்சுட்டு பிரேக் அடிக்காதீங்க. ஜாம்ல ஹாஃப் கிளட்ச்லயே தொங்காம, முன்னாடி கொஞ்சம் கேப் விட்டு ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்து போனா கிளட்ச் பிளேட்டும் தப்பிக்கும். ஸ்கூல் வாசல்ல நிக்கும்போது ஏசிக்காக என்ஜினை ஓட விடாதீங்க, நம்ம சைலன்சர் புகை குழந்தைங்க மூச்சு விடற உயரத்துக்குப் பக்கத்துல தான் வருது.

துரைப்பாக்கம்வாசி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். காலைல காத்து செக் பண்ணேன், ஸ்டிக்கர்ல 33, பின்னாடி ரெண்டுலயும் 24 தான் இருந்துச்சு. பின்னாடி இடது பக்க வீலும் மத்ததை விட சூடு. பொல்யூஷன் சர்டிபிகேட் இருக்கே, அதுல எதாவது தெரியுமா?

கோவை_ஸ்பேனர்:
அப்ப அந்த வீலோட பிரேக் டிரம்மைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, ஹேண்ட்பிரேக் கேபிள் முழுசா ரிலீஸ் ஆகாமலும் இருக்கலாம். சர்டிபிகேட்ல கார்பன் மோனாக்சைடு அளவு இருக்கும், போன வருஷ பேப்பரோட ஒப்பிட்டுப் பாருங்க, ஏறியிருந்தா பெட்ரோல் சரியா எரியல, புகையில ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு பாக்கற ஆக்ஸிஜன் சென்சாரைச் செக் பண்ணணும். ஆனா ஒண்ணு, குழாயை சைலன்சர்ல விட்டு எடுத்த ரீடிங்கா இருக்கணும், சில இடத்துல நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ எடுத்துட்டு பேப்பரைக் குடுத்துடறாங்க.