தானக் கருமுட்டைச் சிகிச்சை: லண்டன், சென்னை, ஸ்பெயின் – உண்மையில் எவ்வளவு செலவாகும்?

தைநிலா (ஹாரோ) கேட்டது:

எனக்கு 42 வயது. ஏஎம்எச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) அளவு மிகவும் குறைந்துவிட்டதால், சொந்தக் கருமுட்டையில் தொடர்ந்து முயல்வதைவிடத் தானமாகப் பெறும் கருமுட்டையைக் கொண்டு ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் கருவுறச் செய்யும் சிகிச்சை) செய்வதே நல்லது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எங்கள் பகுதியில் என்எச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) இதற்குப் பணம் தராது. லண்டனில் ஒரு தனியார் நிலையம் 11,500 பவுண்டு என்று எழுதித் தந்திருக்கிறது. மருந்துகள் அதில் சேராது. ஸ்பெயினில் ஒரு நிலையம் 8,500 யூரோ கேட்கிறது. சென்னையில் நான்கரை லட்சம் ரூபாய், அதாவது ஏறத்தாழ 4,000 பவுண்டு.

விலையைப் பார்த்தால் சென்னைதான் என்கிறார் கணவர். எங்களைப் போன்ற தோற்றமுள்ள ஒரு பெண்ணின் முட்டை அங்கே எளிதில் கிடைக்கும் என்பது எனக்கும் ஆறுதலாக இருக்கிறது. ஆனால் இந்த மூன்று தொகைகளுக்கும் ஒரே சிகிச்சைதான் கிடைக்கிறதா என்று தெரியாமல் கையெழுத்திடப் பயமாக உள்ளது. எங்கள் சேமிப்பு ஒரு முயற்சிக்கு மட்டுமே போதும். இந்த வழியில் சென்று வந்தவர்கள் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள்.

ஆய்வகத்தில் இருப்பவன் (சென்னை):

சகோதரி, நான் இங்கே கருவியல் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எந்த மையத்தையும் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கை மட்டும் சொல்கிறேன்.

இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. முட்டை கொடுக்கும் பெண் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம். அவரிடமிருந்து ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. பதிவுபெற்ற கருமுட்டை வங்கி வழியாகத்தான் அவர் வர வேண்டும், ஒருவருடைய முட்டைகள் ஒரு தம்பதிக்கு மட்டுமே போகும். ஏழு முட்டைகளில் ஐந்தோ ஆறோ முதிர்ந்தவையாக இருக்கும், நான்கு கருவுறும், கருப்பையில் வைக்கும் நிலையான ஐந்தாம் நாள்வரை வளர்ந்து நிற்பவை பெரும்பாலும் இரண்டு. சில சமயம் ஒன்றுதான் மிஞ்சும். அந்த இரண்டும் பலிக்காவிட்டால் புது டோனரோடு (முட்டை கொடுப்பவரோடு) முதலிலிருந்து தொடங்க வேண்டும், பணமும் மறுபடி கட்ட வேண்டும். ஆகவே நான்கரை லட்சம் என்பது எத்தனை கருக்களுக்கு என்று கேளுங்கள். லண்டனிலும் ஸ்பெயினிலும் சில மையங்கள் குறைந்தது இத்தனை முட்டைகள் அல்லது இத்தனை ஐந்தாம் நாள் கருக்கள் என்று உறுதி எழுதித் தருவதுண்டு. அந்த உறுதி இருந்தால்தான் மூன்று விலைகளையும் ஒப்பிட முடியும்.

இன்னொன்று, பலருக்கும் பிறகுதான் தெரிய வருகிறது. இங்கே டோனரின் அடையாளம் உங்களுக்குச் சொல்லப்படாது. அப்படி அடையாளம் மறைக்கப்பட்டவரின் முட்டையில் உருவான கருவை பிரிட்டனுக்குள் கொண்டுவர அங்கே கருத்தரிப்புச் சிகிச்சைகளை ஒழுங்குபடுத்தும் ஹெச்எஃப்இஏ அமைப்பின் விதிகள் இடம் தருவதில்லை. இந்தியாவிலிருந்து கருவை வெளியே எடுத்துச் செல்லவும் அந்தச் சட்டத்தின்கீழ் உள்ள தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். உறைநிலையில் மீதமுள்ள கருவுக்காக ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் சென்னைக்கு வர வேண்டியிருக்கும். மருத்துவ விசா, விமானக் கட்டணம், வேலையில் விடுப்பு, ஆண்டுதோறும் சேமிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

மிகக் குறைந்த விலை சொல்லும் இடத்தில் கூடுதலாக விசாரியுங்கள். சட்டப்படி முட்டையை விலைக்கு வாங்கவோ விற்கவோ முடியாது. நீங்கள் கட்டுவது மருந்து, பரிசோதனை, ஆய்வகப் பணி, டோனருக்கான ஓராண்டு மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு. அந்தக் காப்பீட்டுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்திக்குப் போலி ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக்காட்டிப் பலமுறை முட்டை எடுத்தது வெளியே வந்தபோது, இந்தத் துறையில் இருக்கும் எங்களில் பலர் வெட்கித் தலைகுனிந்தோம். உங்கள் குழந்தை அப்படி ஒரு பெண்ணின் துன்பத்திலிருந்து வரக் கூடாது.

மில்டன் கீன்ஸ் அம்மா:

நாங்கள் ஸ்பெயினுக்குப் போனோம். எங்கள் மகளுக்கு இப்போது மூன்று வயது. அங்கே காத்திருப்பு குறைவு என்று கேள்விப்பட்டுத்தான் போனோம், ஆனால் அது ஐரோப்பியத் தோற்றமுள்ள டோனரை ஏற்பவர்களுக்கு. தெற்காசியப் பெண்கள் அங்கே மிக அரிது. அங்கும் டோனர் யாரென்று சட்டப்படி சொல்ல மாட்டார்கள். பொருத்தமானவரை மையமே தேர்ந்தெடுக்கும். செக் குடியரசிலும் அப்படித்தான், விலை இன்னும் கொஞ்சம் குறைவு.

கட்டணத்துக்கு வெளியே எங்களுக்கு ஆன செலவுகளில் பெரியது லண்டனில் எடுத்த ஸ்கேன்கள்தான். கருப்பையின் உட்படலம் தடிக்க ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கும் நாட்களில் அதன் தடிமனை இங்கேயே அளந்து அங்கே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தனியார் நிலையத்தில் ஏறத்தாழ 200 பவுண்டு கட்டினோம். கருவை வைத்த பிறகும் கர்ப்பத்தைத் தாங்க உதவும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மருந்து பல வாரங்கள் தொடரும், அதற்கான மருந்துச்சீட்டை யார் தருவார்கள் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பம் உறுதியானதும் மகப்பேற்றுத் தாதியிடம் இது தானக் கருமுட்டை என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள் தங்கச்சி. இத்தகைய கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறும் ஆபத்து கூடுதல், கவனிக்க வேண்டியவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். உயிரைவிட அது பெரிதல்ல.

குயிலி (ஈஸ்ட்ஹாம்):

லண்டன் ஏன் இவ்வளவு விலை என்று யாரும் சொல்லவில்லை. இங்கே டோனருக்கு ஈடாகக் கிடைப்பது 1,000 பவுண்டுக்குச் சற்றுக் குறைவான தொகைதான், ஆகவே முன்வருபவர்கள் குறைவு. தெற்காசியப் பெண்கள் அதிலும் குறைவு. ஆனால் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பதிவுசெய்த டோனரின் அடையாளத்தைப் பிள்ளை 18 வயதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த உரிமை சென்னையிலும் ஸ்பெயினிலும் இல்லை. என்னைக் கேட்டால், கூடுதல் பணத்துக்கு இங்கே கிடைப்பவற்றில் இதுதான் பெரியது. பிள்ளை வளர்ந்த பிறகு பெற்றோரால் எவ்வளவு பணம் கொடுத்தும் அதை வாங்கித் தர முடியாது.

செலவைக் குறைக்க இன்னொரு வழியும் இருக்கிறது. பிரிட்டனில் சொந்தச் சகோதரியோ மச்சாளோ முட்டை கொடுக்கலாம். டோனரைத் தேடும் கட்டணமும் காத்திருப்பும் மிச்சம், தோற்றமும் ஒத்துப்போகும். உங்களுக்கு 35 வயதைத் தாண்டாத தங்கை இருக்கிறாளா?

தைநிலா:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சென்னை நிலையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். எத்தனை கருக்கள் என்பதற்கு உறுதி எதுவும் தர முடியாது என்று பதில் வந்தது. இரண்டு முறை போய் வரும் செலவைக் கூட்டினால் லண்டனுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி பாதிக்கு மேல் மறைந்துவிடுகிறது.

குயிலி அக்கா, தங்கைக்கு 33 வயது, லெஸ்டரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். சென்ற ஆண்டே அவளாகச் சொன்னாள். நான்தான் பேச்சை மாற்றிவிட்டேன். பிறகு அந்தப் பிள்ளைக்கு அவள் சட்டப்படி தாயாகிவிடுவாளா?

குயிலி (ஈஸ்ட்ஹாம்):

இல்லை. இங்கே பெற்றெடுப்பவர்தான் சட்டப்படி தாய், சிகிச்சை எந்த நாட்டில் நடந்தாலும் அப்படியே. ஆனால் கருவை உங்கள் கருப்பையில் வைக்கும் நிமிடம்வரை தன் சம்மதத்தை மீளப் பெறும் உரிமை தங்கைக்கு உண்டு. ஆகவே கையெழுத்துக்கு முன் அவளும் அவளுடைய கணவரும் நீங்கள் இருவரும் உளவள ஆலோசகரைப் பாருங்கள், தங்கையைத் தனியாகவும் ஒரு முறை பேச விடுங்கள். அக்காவுக்கு முன்னால் அவளால் "மாட்டேன்" என்று சொல்ல முடியாமல் போகலாம்.