எக்ஸ்குளூஷன் எரர்: ‘தகுதியோர் விடுபாடு’ சரியா?

அன்புள்ள அண்ணாச்சிக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். நலத்திட்டங்களில் நேரும் ‘எக்ஸ்குளூஷன் எரர்’, ‘இன்க்ளூஷன் எரர்’ இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த விளக்கம் இது:

> நலத்திட்டம் சேர வேண்டியவருக்குச் சேராமல் போவது ‘விலக்கல் பிழை’. சேரக் கூடாதவருக்குச் சேர்வது ‘சேர்க்கைப் பிழை’.

‘சேர்க்கை’ என்றதும் கல்லூரி அட்மிஷன்தான் நினைவுக்கு வரும். ‘விலக்கு’ வரிவிலக்கு, மதுவிலக்கு என்று வேறு பக்கம் இழுக்கிறது. அக்கா நேற்று எழுதிய ‘தகுதியோர் விடுபாடு’ இதைவிட மேல். ரேஷன் கடை வாசலில் ‘பேரு விட்டுப்போச்சு’ என்றுதானே நம் பக்கத்தில் சொல்கிறார்கள். என் தடை ‘தகுதியோர்’ மீதுதான்.

தகுதியை வகுப்பது அரசாணை. அந்த அரசாணையே ஓர் ஏழை வீட்டை வெளியே நிறுத்திவிட்டால், இந்தச் சொல்லின்படி அங்கே பிழையே இல்லை என்றாகிவிடும். பொருளாதார ஆய்வாளர்கள் அதையும் பிழை என்றே கணக்கிடுகிறார்கள்.

புதுமைப்பெண் திட்டத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். படித்த பள்ளிதான் அளவுகோல். பாளையங்கோட்டை வட்டாரத்துக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. கிறிஸ்தவ மிஷன்கள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த ஊர் இது. மடியில் சுளவை (முறத்தை) வைத்து, வெட்டிய பீடி இலையில் புகையிலைத் தூளைப் பரப்பிச் சுருட்டி, நுனியை மடக்கி நூல் சுற்றுகிற அம்மாக்களின் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். ஒரே வளவில் இரண்டு வீடு, இரண்டிலும் பீடிதான் வருமானம் என்று வையுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவளின் கணக்கில் பணம் ஏறும், உதவிபெறும் பள்ளியில் படித்தவளுக்கு ஏறாது. 2024 டிசம்பர் கடைசியில்தான், உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் திட்டத்தை விரிவாக்கித் தூத்துக்குடியில் தொடங்கிவைத்தார்கள். அதுவரை அந்த இரண்டாவது பெண் ‘தகுதியோர்’ கணக்கில் வரவே இல்லை. அவளைக் கணக்கில் எடுக்காத சொல் நமக்கு எதற்கு?

இன்னொரு வகையும் உண்டு. பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976இல் வந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கிடைக்கும், ஆனால் தொழிலாளர் அடையாள அட்டை வேண்டும். இன்னொருத்தி பெயரிலுள்ள பாஸ்புக்கில் (பீடிக் கம்பெனி தரும் வேலைக் கணக்குப் புத்தகத்தில்) பீடி சுற்றிக் கொடுக்கிற பெண்ணுக்கு அட்டை எங்கிருந்து வரும்? விதி அவளை விலக்கவில்லை, பதிவில் விட்டுப்போகிறாள்.

ஆகவே என் முன்மொழிவு: உரியோர் விடுபாடு. அதற்குள் விதிவழி விடுபாடு, பதிவுவழி விடுபாடு என இரண்டு. எதிர்ப்பிழைக்கு உரியரல்லார் சேர்ப்பு.

*

தம்பிக்கு, அக்கா எழுதுவது.

‘உரியோர்’ எனக்குச் சம்மதம். ஆனால் உரியோர் யார் என்பதை ஒவ்வோர் ஆய்வாளரும் தன் கட்டுரையில் முதலிலேயே சொல்லியாக வேண்டும். குடும்பச் செலவை வைத்தா, நிலத்தை வைத்தா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும்.

அப்புறம், வீதம் கணக்கிடும்போது வகுக்கும் எண் வேறு வேறு. உரியோர் மொத்தத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்பது விடுபாட்டு வீதம். பெற்றவர் மொத்தத்தில் எத்தனை பேர் உரியரல்லார் என்பது சேர்ப்பு வீதம். இரண்டையும் கூட்டி ‘மொத்தப் பிழை’ என்று எழுதிவிடுகிறார்கள். விளக்கத்தில் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டு வாக்கியமாக இதைப் போடலாமா: “1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டை வைத்துப் பிரித்தபோதும், தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனைக் கைவிடவில்லை, உரியரல்லார் சேர்ப்பைப் பொறுத்துக்கொண்டு உரியோர் விடுபாட்டைக் குறைக்கும் வழி அது.”

அண்ணாச்சியும் சரி என்றால் இன்றே நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.