தெர்வார் என்பதற்கு "மண்வாகு"

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிரெஞ்சு ஒயின்களைச் சுவைத்து மதிப்பிடுவோர் ஓயாமல் புழங்கும் "தெர்வார்" (terroir, ஒயினுக்கு அது விளைந்த இடம் தரும் தனித்தன்மை) என்ற சொல்லுக்குத் தமிழில் மண்வாசனை, திணை, புவிசார் தன்மை என மூன்று பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. மூன்றும் எண்ணிப் பார்த்துச் சொல்லப்பட்டவையே. ஆயினும் அந்தக் கருத்து வேரூன்றிய இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் "மண்வாகு" என்பதே பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிரான்சின் பர்கண்டிப் பகுதியின் உயர்தரச் சிவப்பு ஒயின்கள் ஏறத்தாழ அனைத்தும் பினோ நுவார் என்ற ஒரே திராட்சை வகையிலிருந்து வருகின்றன. ஒரே தயாரிப்பாளர் ஒரே ஆண்டில் அங்குள்ள ஷம்போல்-மியூசினி, ஜெவ்ரே-ஷம்பெர்தன் என்ற இரண்டு ஊர்களில் எடுத்த ஒயின்களை இரு கோப்பைகளில் ஊற்றி, வெள்ளைத் துணியின்மேல் சாய்த்துப் பார்த்தால் நிறத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. கோப்பையைச் சுழற்றி முகர்ந்து, ஒரு வாய் எடுத்துச் சற்றே காற்றை உள்ளிழுத்து நாவெங்கும் படரவிடும்போதுதான் வேறுபாடு தலைகாட்டும். பொதுவாக முன்னதன் துவர்ப்பு பட்டும் படாமலும் கரைந்து மலர்மணத்தை முன்னிறுத்தும். பின்னதன் துவர்ப்பு ஈறுகளைப் பற்றிக்கொண்டு நிற்கும். இரண்டு ஊர்களுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். திராட்சையும் ஆளும் ஆண்டும் ஒன்றாயிருக்க எஞ்சி நிற்கும் இந்த வேறுபாட்டின் காரணத்தைச் சுட்டுவதற்கே நமக்கு ஒரு சொல் வேண்டும்.

"மண்வாசனை" இங்கே குழப்பத்தையே தரும். முதிர்ந்த பினோ நுவாரில் ஈரமண், உதிர்ந்த இலை, காளான் ஆகியவற்றின் மணம் எழுவது இயல்பு. சுவைப்பவர் குறிப்பேட்டில் "மண்வாசனை உள்ளது" என்று எழுதினால் அது அந்த மணத்தையே குறிக்க வேண்டும். அந்தச் சொல்லை அதற்கென்றே விட்டுவைப்பது நல்லது.

"திணை" என்ற பரிந்துரையை மறுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை; அவ்வளவு அழகான சொல். ஆனால் நம் இலக்கணத்தில் நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள். ஒயின் உலகிலோ நிலமும் ஆண்டும் பிரித்தே பேசப்படுகின்றன. 2003இல் ஐரோப்பாவைக் கடும் வெப்பம் தாக்கியபோது அதே தோட்டங்கள் வழக்கத்தைவிடச் செறிவான, புளிப்புக் குறைந்த ஒயின்களைத் தந்தன. தெர்வார் மாறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, ஆண்டு வேறு என்றே சொன்னார்கள். அளவும் பொருந்தவில்லை. குறிஞ்சி என்றால் ஒரு மலைநாடு முழுவதும் கண்முன் வரும். சிஸ்டெர்சியன் என்ற கிறித்தவத் துறவிகள் மதில் எழுப்பி வளைத்த பர்கண்டியின் க்ளோ த வூஜோ தோட்டமோ ஏறத்தாழ 50 ஹெக்டேர்தான். இன்று அதைச் சுமார் 80 உரிமையாளர்கள் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஒரே மதிலுக்குள், சுண்ணாம்புக்கல் மிகுந்து நீர் நன்றாக வடியும் மேற்சரிவின் ஒயினையும், களிமண் கனத்த கீழ்ப்பகுதியின் ஒயினையும் தெர்வார் வேறுபாடாகவே சுவைப்பவர்கள் பிரித்தறிகிறார்கள். இத்தனை நுண்ணிய அளவுக்குத் திணையை இழுத்தால் அதன் பழைய பொருள்தான் சிதையும்.

"புவிசார்" என்பது புவிசார் குறியீடு வழியாகச் சட்டத்துறைக்குப் போய்விட்டது. கம்பம் பன்னீர் திராட்சை என்றதும் நமக்கு அந்தக் குறியீடு நினைவுக்கு வருவது அதனால்தான். பிரான்சிலும் 1935இல் உருவான, எந்த ஒயின் எந்த ஊர்ப்பெயரைச் சூடலாம் என்று வரையறுக்கும் கட்டுப்படுத்தப்பட்ட பெயர்முறை ஒரு சட்ட ஏற்பாடு. அந்தச் சட்டம் எதைக் காக்கிறதோ அதுவே தெர்வார். இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

இனி "மண்வாகு". உடல்வாகு என்கிறோம், பிறவியில் அமைந்த கட்டமைப்பைச் சொல்கிறோம். கைவாகு என்கிறோம், பழக்கத்தில் படிந்த லாவகத்தைச் சொல்கிறோம். இயற்கை அமைவையும் பழக்கத்தையும் ஒருங்கே சுமக்கும் இந்த இரட்டைத் திறனே என்னை ஈர்க்கிறது. பன்னாட்டுத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பு 2010இல் ஏற்ற வரையறையும், நிலத்தின் இயற்பியல், உயிரியல் சூழலோடு அங்கு வாழும் மக்களின் கூட்டறிவையும் பயிரிடும் முறைகளையும் தெர்வாருக்குள் சேர்த்தே சொல்கிறது. "நிலத்தன்மை" என்று எழுதினால் மனிதப் பங்கு விடுபட்டுவிடும்.

வாகு என்பது ஒரு பொருளன்று, ஒரு போக்கு என்பதும் முக்கியம். பர்கண்டியைச் சேர்ந்த ஷாப்லியின் சுண்ணாம்பு மண்ணில் சிறுசிறு சிப்பிப் புதைபடிவங்கள் நிறைந்திருப்பதால் சிப்பியின் சுவை வேர்வழியே ஒயினுக்குள் ஏறுகிறது என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. மண் எவ்வளவு நீரைத் தேக்குகிறது, எவ்வளவு வடியவிடுகிறது, சரிவு எந்தத் திசையில் வெயிலை வாங்குகிறது, குளிர் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பனவே பழத்தின் புளிப்பையும் முதிர்ச்சியையும் தீர்மானிக்கின்றன.

மண் என்றால் வெறும் மண்தானே, சரிவும் வெயிலும் அதில் எங்கே என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். "எங்கள் மண்" என்று நாம் சொல்லும்போது புழுதியை மட்டும் சொல்வதில்லை. "நிலவாகு" என்று மாற்றலாம் என்ற யோசனை எனக்கும் இருந்தது. ஆனால் விரைந்து படிப்பவர் அதை நிலவு, ஆகு என்று பிரித்துவிடுவார்.

இடையே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பர்கண்டியில் "க்ளிமா" என்பது தனிப்பெயரும் வரையறுத்த எல்லையும் கொண்ட தோட்டத் துண்டு. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றவை அவையே. பிரெஞ்சில் காலநிலைக்கும் அதே சொல்தான் என்பதால் அதைக் காலநிலை என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஒன்று எழுதியிருக்கிறேன்: "ஓக் பீப்பாயின் மணம் மிகுந்ததால் இந்த ஒயினில் மண்வாகு மறைந்துவிட்டது." பெயரடையாக "மண்வாகுசார்ந்த" என்பது எனக்கே நீளமாகத் தெரிகிறது. அதைவிடச் சுருக்கமான வடிவம் தோன்றுபவர்கள் அருள்கூர்ந்து எழுதுங்கள்.