அழுத்தம் ஏற்றியும் ஆந்த்ரசீனின் மும்மை நிலை ஆயுள் மாறவில்லை. ஏன்?

கொழிஞ்சாம்பாறையான்:
வணக்கம். ஆந்த்ரசீன் என்ற கரிமச் சேர்மத்தைப் பாலிமர் படலத்தில் கரைத்து, வைரச் செல்லில் (இரண்டு வைரங்களுக்கு நடுவே வைத்து நசுக்கும் கருவி) சிலிகான் எண்ணெய்க்குள் வைத்து அழுத்துகிறேன். தூண்டுவது 375 நானோமீட்டர் லேசர். மும்மை நிலையிலிருந்து (இரு எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரே திசையில் இருக்கும் நிலை) மெதுவாக வெளிவரும் நின்றொளிர்வு 680 பக்கம் வரும் என்று பார்த்தால் 694-இல் பளிச்சென்று வருகிறது. ஆயுள் சுமார் 3 மில்லி நொடி. 2 ஜிகாபாஸ்கல் வரை ஏற்றியும் ஆயுள் அசையவில்லை. சிகரம் மட்டும் 695-க்கு நகர்ந்தது. அழுத்தத்தில் ஆற்றல் நிலைகள் கீழிறங்கும் என்பதால் நகர்வு புரிகிறது, ஆயுள்தான் புரியவில்லை. லேசருக்கு வாளையாறு தாண்டிக் கோவை போக வேண்டும். அதற்குள் காரணம் தெரிந்தால் நல்லது.

நகரி வாத்தியார்:
ஆக்சிஜனை வெளியேற்றினீர்களா? அதன் அடிநிலையே மும்மை; உங்கள் மும்மை நிலையை விழுங்கிவிடும். ஆனால் அழுத்தத்தில் ஊடகம் இறுகி ஆக்சிஜன் மெதுவாகத்தான் நகரும். அப்படியானால் ஆயுள் நீண்டிருக்க வேண்டும். மாறாமல் இருப்பது எனக்கும் உதைக்கிறது.

பாலக்காட்டு அக்கா:
தம்பி, அழுத்தம் பார்க்க உள்ளே ரூபி போட்டிருக்கிறாயா? சிகரம் ஒன்றா, இரண்டா?

கொழிஞ்சாம்பாறையான்:
படலத்தை ஒட்டியே ரூபித் துணுக்கு இருக்கிறது அக்கா. சிகரத்தின் இடப்பக்கம் சின்னதாக இன்னொன்று, ஒன்றரை நானோமீட்டர் தள்ளி.

பாலக்காட்டு அக்கா:
அப்படியானால் நீ அளந்தது ரூபியைத்தான். அதன் குரோமியம் அயனி 694.3-இல் ஒளிர்கிறது, அருகே 692.8-இல் துணைக்கோடு. அறை வெப்பத்தில் ஆயுள் 3 மில்லி நொடிக்குப் பக்கம். ஜிகாபாஸ்கலுக்கு ஏறத்தாழ 0.365 நானோமீட்டர் நகரும். இரண்டுக்குப் பெருக்கிப் பார். கரிம மூலக்கூறின் நின்றொளிர்வு இவ்வளவு ஊசியாக வராது, அதிர்வுப் பட்டைகளோடு பரந்து கிடக்கும். அதிலும் ஆந்த்ரசீனுடையது அறை வெப்பத்தில் பெயருக்குத்தான் இருக்கும்.

இன்னொன்று: ஆந்த்ரசீனில் முதல் ஒற்றை நிலை (தற்சுழற்சிகள் எதிரெதிராக இருக்கும் கிளர்ந்த நிலை) இருக்கிறதே, அதற்குச் சற்றுக் கீழே இரண்டாம் மும்மை நிலை இருக்கிறது, மும்மைக்குப் போகும் வழி அதுதான். அழுத்தத்தில் ஒற்றை நிலை வேகமாக இறங்குகிறது, மும்மை அவ்வளவு இறங்குவதில்லை. ஒற்றை நிலை கீழே போய்விட்டால் வழி அடைபடும், மும்மைக்கு வரும் மூலக்கூறுகள் குறையும், ஒற்றை நிலையிலிருந்து சட்டென வரும் உடனொளிர்வு கூடும். உன் சிக்னல் குறையவே இல்லை என்றால் அதுவே ஒரு தடயம்.

நகரி வாத்தியார்:
ஆமாம், ரூபியைக் கேட்கத் தோன்றவில்லை. அழுத்தம் பார்க்க ரூபிக்குப் பதில் சமேரியம் சேர்ந்த ஸ்ட்ரான்சியம் போரேட்டுக்கு மாறிவிடாதீர்கள், அதுவும் 685-இல் மில்லி நொடிக் கணக்கில் ஒளிர்ந்து அதே தொல்லை தரும்.

கொழிஞ்சாம்பாறையான்:
பிறகு அழுத்தத்தை எதை வைத்துப் பார்ப்பது?

பாலக்காட்டு அக்கா:
குவார்ட்ஸ் துணுக்கு போடு. அதன் 464 செ.மீ⁻¹ ராமன் கோடு (சிதறும் லேசர் ஒளியில் தெரியும் அதிர்வுக் கோடு) உன் 2 ஜிகாபாஸ்கலுக்குப் போதும்; வைரத்தின் கோடு 1332-இல் இருப்பதால் இடிக்காது. முதலில் ரூபி மட்டும் வைத்து, படலம் இல்லாமல் ஒரு முறை அளந்துவிடு. ஆக்சிஜன் இல்லாத கையுறைப் பெட்டிக்குள் செல்லை நிரப்பினால் வாத்தியார் சொன்ன ஆக்சிஜனும் தீரும்.