உதவி: பிரீஃபெட்ச் போட்டும் காவடிப் பதிவுப் பட்டியல் அரை நிமிடம் இழுக்குது

காத்ர்போர்ன்_தம்பி:
அவசரம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கறவங்க பேரைப் பதிய இங்க மொரீஷியஸ்ல எங்க கோவிலுக்கு ஒரு ஆப் செய்யறேன். பட்டியல் திறக்கவே அரை நிமிடம் ஆகுது. தொடர்புள்ள தரவை முன்கூட்டியே மொத்தமா எடுத்து வைக்கற பிரீஃபெட்ச்_ரிலேட்டட் போட்டாச்சு, மாற்றமே இல்லை. ஓஆர்எம் (நம்ம கோடை டேட்டாபேஸ் வினவலா மாத்தற கருவி) இப்பதான் கத்துக்கறேன். நேரம் எங்க போகுதுன்னு காட்டற புரொஃபைலர் வச்சுப் பாருன்னாங்க, டீபக் டூல்பாரும் போட்டேன், அது திரையில வரவே இல்லை. வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழுவுக்குக் காட்டணும்.

எபென்வாசி:
ஜாங்கோதானே, பைத்தான் வெப் சட்டகம்? டேட்டாபேஸ் எது, எங்க ஓடுது? பட்டியல்ல எத்தனை பேர்? பக்கம் எச்டிஎம்எல்லா, வெறும் தரவா அனுப்பற ஜேசனா?

தரவுப்பித்தன்:
இண்டெக்ஸ் (வேகமாத் தேட டேபிளுக்குப் போடற அட்டவணை) இருக்காது. நான் பார்த்த மெதுவான பக்கம் பத்துல எட்டு இண்டெக்ஸ்தான். ஒரு டேபிளை இன்னொண்ணோட இணைக்கற ஃபாரின் கீ எல்லாத்துக்கும் போட்டுப் பாருங்க.

மூத்த_நிரலர்:
ஃபாரின் கீக்கு ஜாங்கோ தானாகவே இண்டெக்ஸ் போடும். தம்பி, மாடலும் இல்லை, கோடும் இல்லை, பதிப்பு எண்ணும் இல்லை. ஆவணத்தில் வினவல் வேகம் பற்றி ஒரு பகுதியே இருக்கிறது. அதைப் படித்துவிட்டுக் கேட்பதுதான் முறை.

காத்ர்போர்ன்_தம்பி:
மன்னிக்கணும் ஐயா. ஜாங்கோ, ரெஸ்ட் ஃபிரேம்வொர்க், ஜேசன்தான் அனுப்பறேன். போஸ்ட்கிரெஸ், பாரிஸ்ல ஒரு கிளவுட்ல இருக்கு. ஆப் என் லேப்டாப்லயே ஓடுது. 120 பேர்.

எபென்வாசி:
டூல்பார் வராததுக்கு அதான் காரணம். எச்டிஎம்எல் பக்கத்துல பாடி முடியற இடத்துலதான் அது தன்னை ஒட்டிக்கும். ஜேசன்ல ஒட்ட இடம் இல்லை. அதே முகவரியை பிரவுசர்ல நேரா திறங்க, ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் எச்டிஎம்எல் காட்டும், டூல்பாரும் வரும். செட்டிங்ஸ்ல இன்டர்னல்_ஐபிஸ்ல உங்க ஐபி முகவரி இருக்கான்னும் பாருங்க. இல்லைன்னா சில்க்னு ஒரு புரொஃபைலர் போடுங்க. அது ஜேசன் கோரிக்கையையும் பதிஞ்சு வைக்கும், ஒவ்வொரு வினவலும் கோட்ல எந்த வரியிலிருந்து கிளம்புச்சுன்னும் காட்டும். கத்துக்கறவங்களுக்கு அந்த வரிதான் முக்கியம். ஒண்ணு, சில்க் தன் பதிவுகளையும் அதே பாரிஸ் டேட்டாபேஸ்லதான் எழுதும். அதனால நேரத்தை நம்பாதீங்க, வினவல் எண்ணிக்கையை மட்டும் பாருங்க.

கடலோரம்:
பாரிஸா? அப்ப தூரம்தான் பிரச்சினை. கண்ணாடி இழையில ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். இங்கிருந்து பாரிஸ் நேர்க்கோட்டிலேயே 9,400 கி.மீ. இருக்கும். போய் வர 94 மில்லிநொடிக்குக் குறையவே முடியாது. கடலடிக் கேபிள் நேராப் போறதும் இல்லை, அதனால நிஜத்துல இன்னும் அதிகம். டேட்டாபேஸை இங்கேயே வைங்க.

எபென்வாசி:
தூரம் உண்மைதான். ஆனா இரண்டு வினவல்னா யாருக்கும் தெரியவே தெரியாது. எத்தனை தடவை போய் வருதுன்னு முதல்ல எண்ணணும்.

ஜாவா_ரோஸ்ஹில்:
ஜாவாவோட ஓஆர்எம் ஹைபர்நேட்லயும் இதே தொல்லை. ஜேபிஏல (ஜாவா ஓஆர்எம் விதிமுறை) மெனிடுஒன் உறவு இயல்பாவே ஈகர், கேட்காமலே இழுத்துட்டு வரும். ஓஆர்எம் எதுவா இருந்தாலும் ஓடற எஸ்க்யூஎல்லைக் காட்டற ஷோ_எஸ்க்யூஎல் மாதிரி ஒண்ணு போட்டுட்டுத்தான் நான் உட்காருவேன்.

மூத்த_நிரலர்:
எஸ்க்யூஎல் தெரியாதவர்கள் ஓஆர்எம்மைத் தொடக் கூடாது என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறேன். இரண்டு டேபிளைச் சேர்க்கும் ஜாயின் என்னவென்று கையால் எழுதிப் பழகாதவருக்குப் புரொஃபைலர் காட்டுவது எப்படிப் புரியும்?

ஜாவா_ரோஸ்ஹில்:
ஒத்துக்க முடியாது ஐயா. நான் ஜாயின் கத்துக்கிட்டதே ஹைபர்நேட் லாக்ல ஓடற எஸ்க்யூஎல்லைப் பார்த்துத்தான். நாம எழுதின ஒரு வரி என்னவா மாறிப் போகுதுன்னு கண்ணால பார்க்கறதைவிட நல்ல பாடம் கிடையாது.

மூத்த_நிரலர்:
லாக்கைப் படிக்கத் தெரிந்ததால் நீங்கள் கற்றீர்கள். எல்லாரும் அப்படி இல்லை.

தரவுப்பித்தன்:
வினவல் எப்படி ஓடுதுன்னு காட்டற எக்ஸ்பிளைன் அனலைஸ் போட்டீங்களா? இன்னும் இண்டெக்ஸ்னுதான் நினைக்கிறேன்.

எபென்வாசி:
120 வரிசைக்கு இண்டெக்ஸ் இருந்தாலும் போஸ்ட்கிரெஸ் முழு டேபிளையும் படிச்சுட்டுப் போகத்தான் பார்க்கும். அது இங்கே பொருட்டே இல்லை.

காத்ர்போர்ன்_தம்பி:
சில்க் போட்டேன். 122 வினவல்! அதுல 120 ஒரே மாதிரி, பதிவு எண் மட்டும் மாறுது. எல்லாம் ஜேசனா மாத்தற சீரியலைசர்ல இந்த வரியைக் காட்டுது: பதிவு.காணிக்கைகள்.ஃபில்டர்(செலுத்தியது=ட்ரூ). ஆனா காணிக்கைகளுக்குத்தானே பிரீஃபெட்ச் போட்டிருக்கேன்?

எபென்வாசி:
கிடைச்சுது. பிரீஃபெட்ச் முன்கூட்டி எடுத்து வைக்கறது ஆல்() கேட்டா வர்ற பட்டியலை. ஃபில்டர்() கூப்பிட்டா அது புது வினவல், எடுத்து வச்சதைத் திரும்பியும் பார்க்காது. உங்க 122 இப்படித்தான் வருது: பதிவுகளுக்கு 1, பிரீஃபெட்சுக்கு 1, ஆளுக்கு ஒண்ணா 120. கடலோரம் சொன்ன 94 மில்லிநொடியால பெருக்கினாலே 11 நொடிக்கு மேல. நிஜத் தூரத்துக்கு அரை நிமிடம் சரியாத்தான் இருக்கு.

இரண்டு வழி. ஆல்() எடுத்துப் பைத்தான்லயே செலுத்தியதை மட்டும் பொறுக்குங்க. இல்லைன்னா வியூல (கோரிக்கைக்குப் பதில் தர்ற கோடு) பிரீஃபெட்ச் ஆப்ஜெக்ட் வச்சு, அதோட குவெரிசெட்லயே வடிகட்டி, டு_ஆட்டர்ல செலுத்தியவைன்னு ஒரு பேர் கொடுங்க. சீரியலைசர்ல அந்தப் பேரைப் படிச்சா போதும். காணிக்கை நிறைய சேரும்னா இரண்டாவதுதான் நல்லது.

மூத்த_நிரலர்:
இதுவும் ஆவணத்தில் பிரீஃபெட்ச் பகுதியிலேயே எழுதியிருக்கிறது.

ஜாவா_ரோஸ்ஹில்:
எழுதியிருக்கு ஐயா, ஆனா எந்தப் பகுதியைத் தேடணும்னு தெரிஞ்சதே சில்க் அந்த வரியைக் காட்டினதுக்கு அப்புறம்தானே?

காத்ர்போர்ன்_தம்பி:
2 வினவல். ஒன்றிரண்டு நொடியில வருது. ரொம்ப நன்றி அண்ணா.

எபென்வாசி:
நல்லது. மிச்ச நேரம் பாரிஸோட இணைப்பு திறக்கறதுல போகும். இணைப்பை எத்தனை நொடி திறந்து வைக்கணும்னு சொல்ற கான்_மேக்ஸ்_ஏஜ் இயல்பா 0, ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதுசா திறக்கும். ஆப்பை நிஜ சர்வர்ல ஏத்தினதும் 60 வச்சுப் பாருங்க. வினவல் எண்ணிக்கையைச் சரிபார்க்கற அசெர்ட்நம்குவெரிஸ் போட்டு ஒரு டெஸ்டும் எழுதிடுங்க, நாளைக்கு வேற யாராவது ஒரு ஃபில்டர் சேர்த்தா உடனே பிடிச்சுடும். குடும்ப விவரப் பக்கமும் இதே சீரியலைசர்தானா?

கடலோரம்:
டேட்டாபேஸை இங்கே கொண்டுவந்தா இன்னும் வேகமா வரும்னு இப்பவும் சொல்றேன்.