யூஸ்டேசியன் குழல் கோளாறு: "அடைப்பு" என்றே எழுதலாமா?

வணக்கம் ஐயா,

பினாங்கு கிளினிக்குகளில் வைக்கப்போகும் துண்டறிக்கைக்கு நீங்கள் சொன்ன "நடுச்செவிக் குழல் அடைப்பு" சட்டென்று புரிகிறது. ஆனால் அடைப்பு என்றதும் நம்மவர் கை பஞ்சுக் குச்சிக்கும் சுடவைத்த எண்ணெய்க்கும்தான் போகும். இரண்டுமே செவிப்பறையைத் தாண்டி உள்ளே எட்டாது.

இந்த யூஸ்டேசியன் குழல் நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறம்வரை ஏறத்தாழ 36 மி.மீ. நீளம். சாதாரணமாக மூடியே கிடக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத் தசை இழுக்க, நொடிப்பொழுது திறக்கும். சளியாலோ ஒவ்வாமையாலோ குழலின் வாய்ப்பகுதி வீங்கித் திறக்காமல் போனால், உள்ளிருக்கும் காற்றை நடுச்செவியின் சவ்வு உறிஞ்சிவிடும், பறை உள்வாங்கும், காது கனக்கும். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது வெளியழுத்தம் கூடுவதால் அவதி இன்னும் அதிகம்.

எதிர்மாறான நோயும் உண்டு: குழல் மூடாமலே இருப்பது. தன் குரலும் மூச்சும் காதுக்குள் முழங்கும், படுத்தால் தணியும். உடல் எடை வேகமாகக் குறைந்தவர்களுக்கு வருவதுண்டு. இவரும் "காது அடைக்குது" என்றுதான் சொல்வார், ஆனால் வீக்கம் குறைக்கும் மருந்து இவருக்குத் தொல்லையைக் கூட்டும்.

ஆகவே "குழல் திறவாமை", "குழல் மூடாமை" என்று இரண்டு சொற்கள். பொதுப்பெயர் "செவிக்குழல் இயக்கக் கோளாறு". "செயலிழப்பு" வேண்டாம், சிறுநீரகம் நினைவுக்கு வந்து பயமுறுத்தும்.

---

வணக்கம் அம்மா,

திறவாமை, மூடாமை இரண்டும் அருமை, என் "அடைப்பு" போகட்டும். "செவிக்குழல்" மட்டும் இடிக்கிறது; டாக்டர் விளக்கடித்துப் பார்க்கும் வெளித்துளை என்றே படிப்பார்கள். "தொண்டைச்செவிக் குழல்" நீளம்தான், ஆனால் எங்கிருந்து எங்கே என்று பெயரே காட்டிவிடும். மூக்கு மருந்தை ஏன் காதுக்குத் தருகிறார்கள் என்ற கேள்வியும் எழாது.

மூக்கில் அடிக்கும் அந்த ஸ்டீராய்டு ஸ்பிரே பற்றி ஒரு வரி சேர்க்கவேண்டும். மூக்கொவ்வாமை உள்ளவருக்குத்தான் பெரும்பாலும் பலன். அதுவும் சில வாரங்கள் தினமும் அடித்தால். வலக்கையால் இடத்துளைக்கு, இடக்கையால் வலத்துளைக்கு. நுனி நடுச்சுவரைப் பார்க்காமல் கண்ணின் வெளியோரப் பக்கம் சாய்ந்திருக்கவேண்டும். சுவரில் பட்டால் இரத்தம் கசியும், மருந்தும் வீண். மூக்கின் வீக்கத்தைக் குறைக்கும் ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்து வேறு வகை: ஐந்து நாளுக்கு மேல் போனால், நிறுத்தியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். குழலைத் திறக்க மூக்கைப் பொத்தி ஊதுவது மெதுவாக இருக்கட்டும், சளிக்காய்ச்சலின்போது கூடவே கூடாது.

காது கனப்பதையெல்லாம் இந்தக் குழல் தலையில் கட்டவேண்டாம். தாடை மூட்டும் ஒற்றைத் தலைவலியும் இதே உணர்வைத் தரும். டிம்பனோமெட்ரி (நடுச்செவி அழுத்தத்தை அளக்கும் சோதனை) வரைபடம் சீராக இருந்தால் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் தடித்த எழுத்தில் வரட்டும். பெரியவருக்கு ஒரே காதில் நீர் கட்டி நீடித்தால், மூக்கின் பின்புறத்தைக் கேமராவில் பார்த்தே ஆகவேண்டும். மூக்குத்தொண்டைப் புற்று இப்படியும் தலைகாட்டும், மலேசியச் சீனரிடமும் சரவாக்கின் பிடாயு மக்களிடமும் அது கூடுதல். ஒரு காது திடீரென அடைத்துக் கேட்காமல் போனால் "ம்ம்" என்று முனகச் சொல்லுங்கள். ஒலி நல்ல காதில் பலமாகக் கேட்டால் பழுது நரம்பில் இருக்கலாம். அன்றைக்கே ஈஎன்டி மருத்துவரிடம் போகவேண்டும், ஸ்பிரே அடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.