பச்சைக் குழந்தையைப் படம் எடுக்கப் போறவங்களுக்கு: கொங்குப் பக்கத்து அனுபவங்கள்

கல்யாண வேலையிலிருந்து குழந்தைப் படங்களுக்கு மாறலாமா என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். "கேமரா இருக்குங்க, இன்னும் என்ன வாங்கணும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். வாங்குவதெல்லாம் அப்புறம். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் எதெல்லாம் எதிர்ப்படும், எது எதனால் கெடும் என்பதை அவரவர் ஊரிலிருந்து எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், அளவும் காரணமும் போதும் என்று கேட்டிருந்தோம். வந்த பதில்கள் ஊர்ப் பேரோடு கீழே.

கோபி

பிறந்த 5-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் எடுத்துவிடணும் என்பது வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லும் கணக்கு. தப்பில்லை. அந்த நாட்களில் குழந்தை வயிற்றுக்குள் கிடந்த மாதிரியே சுருண்டு தூங்கும், மடக்கிய இடத்தில் மடங்கிக் கிடக்கும். ஆனால் நம் பக்கம் அந்த நாட்களில் குழந்தை அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில், தீட்டுக்குள் இருக்கிறது. சில வீடுகளில் 16 நாள், சில வீடுகளில் 30 நாள். "கண்ணு பட்டுருஞ் சாமி, பேரு வெச்சப்பறம் வாங்க" என்று அமுச்சி வாசலிலேயே சொல்லிவிடுவார். மகளைப் பிடித்து, மருமகனைப் பிடித்து உள்ளே போனவரை அந்த வீட்டில் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் கூப்பிட மாட்டார்கள்.

அதனால் பெரும்பாலும் 30 நாள் தாண்டிய குழந்தைதான் கைக்கு வரும். அதை 10 நாள் குழந்தை மாதிரி மடக்கப் பார்ப்பதுதான் புதிதாக வருகிறவர் செய்யும் முதல் தப்பு. கை கால் நீட்டிப் பழகியிருக்கும், மடக்கினால் முறுக்கிக்கொண்டு அழும். அதற்குப் பதிலாக விழித்திருக்கும் நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. பச்சைக் குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் நன்றாகத் தெரியும். நாலடி தள்ளி நின்று கிலுகிலுப்பையை ஆட்டிப் பயனில்லை. தாயின் முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டு வாருங்கள். குழந்தை அந்த முகத்தை விட்டுக் கண்ணெடுக்காது, நீங்கள் பக்கவாட்டிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கலாம்.

சிரிப்பு கேட்பார்கள். முகம் பார்த்துச் சிரிக்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் வருவது தூக்கத்துச் சிரிப்பு, அதற்குக் காத்துக் கிடக்கணும். பால் குடித்து ஏப்பம் விட்டு 20 நிமிஷம் கழித்துத்தான் வேலை தொடங்கும். நடுவில் இரண்டு தடவை பாலுக்கு நிறுத்தணும். மூன்று மணி நேரம் ஒதுக்கினால் அதில் கேமரா ஓடுவது 40 நிமிஷம். மீதி நேரம் அமுச்சி கொடுக்கிற காப்பிக்கு.

பொள்ளாச்சி

வெளிச்சத்தைப் பற்றி. பழைய தொட்டிக்கட்டு வீடு கிடைத்தால் லைட் எதையும் இறக்க வேண்டாம். ஆனால் திறந்த முற்றத்துக்கு நேர் கீழே உட்கார வைத்தால் கண்குழி கறுத்துப்போகும். தூணுக்கு இரண்டு முழம் உள்ளே தள்ளி, முகம் முற்றத்தைப் பார்க்கிற மாதிரி உட்கார வையுங்கள். தரை சிவப்புக் காவியாக இருந்தால் தாடைக்கடியில் செம்மை ஏறும். அதை எடிட்டிங்கில் துரத்துவதைவிட ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுவது சுலபம்.

புது வீடுகளில் தொல்லை வேறு மாதிரி. சன்னலுக்குப் பழுப்புக் கண்ணாடி, சுவருக்கு வெளிர் பச்சை அல்லது ஊதா பெயின்ட். இரண்டும் குழந்தையின் தோலில் வந்து உட்காரும். கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு, கம்பியில் நாலு முழ வேட்டியைக் கிளிப் போட்டு மாட்டினால் வெளிச்சம் மெத்தென்று விழும். குழந்தையின் தலை சன்னல் பக்கம் கொஞ்சம் சாய்வாக இருக்கணும். நெற்றியிலிருந்து தாடைக்கு வெளிச்சம் இறங்கணும். சரியா என்று பார்க்க மூக்கைப் பாருங்கள். நிழல் மேலுதட்டுப் பக்கம் விழுந்தால் சரி. கால் பக்கம் சன்னல் இருந்தால் வெளிச்சம் மூக்குத் துளைக்குள் நுழைந்து பேய்ப்படத்து முகமாகிவிடும்.

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, மட்டமான எல்இடி 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/250 நொடியில் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். எரிய விட்டே ஆகணும் என்றால் 1/100 அல்லது 1/50. தூங்கும் குழந்தைக்கு 1/125 போதும், விழித்திருந்தால் 1/250-க்குக் குறையாமல். 85 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.4 வரை அகலத் திறந்தால் இமை தெளிவாக இருக்கும், மூக்கு கரைந்துவிடும். எஃப் 2.8 முதல் 4 வரை வைத்து, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறனை) 1600 வரை தயங்காமல் ஏற்றுங்கள்.

சேலைத் தொட்டில் படம் எல்லா வீட்டிலும் கேட்பார்கள். துணி வழியாக வரும் வெளிச்சம் துணியின் நிறத்தோடுதான் வரும். அரக்குச் சேலையில் கட்டினால் முகம் அரக்கு, பச்சையில் கட்டினால் மஞ்சள்காமாலை மாதிரி. சந்தன நிறத்திலோ வெள்ளையிலோ பழைய நூல் சேலை இருக்கிறதா என்று முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள். அப்படியே மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு எந்த நாள் என்றும்.

ஈரோடு

பொள்ளாச்சிக்காரர் ஊர்ச் சூட்டை மறந்துவிட்டார். சித்திரையில் எங்கள் பக்கம் காலை 10 மணிக்கே வீட்டுக்குள் 32 டிகிரி தாண்டும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து ஹீட்டர் வாங்கி வைத்தால் அது பரணில்தான் கிடக்கும். துணியில்லாமல் படுக்க வைக்க 26 முதல் 28 டிகிரி, துணி சுற்றியிருந்தால் 24 முதல் 26 போதும். வெயில் மாதங்களில் காலை 7 முதல் 9.30-க்குள் முடியுங்கள். ஏசி காற்று நேராக மேலே படக்கூடாது. கையைத் தொட்டுச் சூட்டை முடிவு செய்யாதீர்கள், பச்சைக் குழந்தைக்குக் கையும் காலும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியைத் தொடுங்கள். பிசுபிசுத்தால் ஒரு சுற்றுத் துணியைக் கழற்றணும். கை கால் விரல் ஊதாவாக மாறினால் ஒன்று குளிர், இல்லையென்றால் மடக்கிய இடத்தில் அழுத்தம். உடனே போஸைக் கலைத்துவிடுங்கள்.

தாடையை இரண்டு கையில் தாங்கி உட்கார்ந்திருக்கும் தவளை போஸ் ஒரே படம் அல்ல. முக்காலியில் கேமராவை அசையாமல் வைத்து, ஃபோகஸும் எக்ஸ்போஷரும் மாற்றாமல், முதல் படத்தில் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், இரண்டாவதில் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். இரண்டையும் சேர்த்து விரல்களை அழிப்பார்கள். குழந்தையின் தலை ஒரு நொடிகூடப் பிடியில்லாமல் இருக்காது. அதையும் இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட குழந்தையிடம் முயலக்கூடாது. இதைப் பார்த்துவிட்டு அப்பா அம்மாவே வீட்டில் செல்போனில் எடுக்கப் பார்க்கிறார்கள், அதனால் எப்படி எடுத்தது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

கூடையில் வைப்பதானால் அடியில் இரண்டு மூன்று கிலோ மணல் பை, அதன்மேல் மெத்தை, பக்கத்தில் ஒரு ஆளின் கை. தொட்டிலுக்கு மேல் குனிந்து எடுக்கும்போது கேமரா வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளணும், லென்ஸ் முன்னால் மாட்டும் ஹூடைக் கழற்றிவிடணும். பலரும் மறப்பது சட்டைப் பை. குனிந்தால் செல்போனும் பேனாவும் நேராகக் குழந்தை மேல் விழும். மோதிரம், வாட்ச், சென்ட் எதுவும் வேண்டாம். லேசாகச் சளி பிடித்திருந்தாலும் தேதியைத் தள்ளிப் போடுங்கள், அட்வான்ஸ் வாங்கியிருந்தாலும் சரி.

திருப்பூர்

சுற்றுத் துணியை ஆன்லைனில் வாங்கி ஏமாறாதீர்கள். லைக்ரா கலந்த பின்னலாடைத் துணிதான் அது. எங்கள் ஊரில் கட் பீஸாகக் கிலோ கணக்கில் கிடைக்கும். தைத்த சட்டைக்குத்தான் காதர்பேட்டைக் கடைவீதி, துணிக்கு கட் பீஸ் கடைகளில் விசாரிக்கணும். 45 சென்டிமீட்டர் அகலம், 150 நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். பின்னலில் சிங்கிள் ஜெர்சி வகைக்கு ஓரம் சுருளும், ரிப் வகைக்குச் சுருளாது. சுருண்ட ஓரம் கழுத்தில் கயிறு மாதிரி நிற்கும், படத்திலும் நன்றாக இருக்காது, குழந்தைக்கும் உறுத்தும். வாசனைத் திரவம் போடாமல் இரண்டு தடவை துவைத்த பிறகுதான் பயன்படுத்தணும். அடர் சிவப்பும் நீலமும் முதல் துவையலில் சாயம் விடும்.

சுற்றும்போது கையை மட்டும் இறுக்கமாக அடக்குங்கள். திடுக்கிட்டுக் கையை விரித்து எழுந்துகொள்வதைத் தடுக்க அது போதும். காலை நேராக நீட்டி இறுக்கினால் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். முட்டி மடங்கி, தொடை விரிந்திருக்க இடம் விடணும். தலைப்பட்டை கட்டினால் ஒரு விரல் நுழையணும், உச்சிக்குழியில் படக்கூடாது.

பவானி ஜமக்காளம் விரித்துக் குடும்பத்தோடு எடுத்தால் அழகுதான். ஆனால் அது முரடு. குழந்தையின் தோலுக்கும் அதற்கும் நடுவில் வேறு துணி வேணும்.

காங்கேயம்

குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும்தான் எங்களுக்கு அதிகம் வரும் வேலை. மாமன் மடியில் குழந்தை, எதிரே ஆசாரி, சுற்றிலும் செல்போன் பிடித்த ஐம்பது பேர். முதலில் எந்தக் காது என்று ஆசாரியிடம் கேட்டுவிட்டு, அவருடைய முழங்கை மறைக்காத பக்கம் நில்லுங்கள். ஒரு காதுக்குப் பத்து நொடிகூட ஆகாது, திரும்ப நடத்திக் காட்டச் சொல்ல முடியாது. 70-200 லென்ஸ், 1/500, தொடர்ச்சியாக எடுக்கும் முறை. முடிந்தால் இன்னொரு கேமரா மாமன் முகத்தின் மேலேயே இருக்கட்டும், குழந்தையைவிட அவர்தான் அதிகம் கலங்கி நிற்பார்.

மொட்டையில் பூசிய ஈரச் சந்தனம் வெயிலில் வெள்ளையாக வெடிக்கும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டபின் அழுகை நின்று பத்து நிமிஷம் சாந்தமாக இருக்கும். பங்காளிகளோடும் அப்பாரு அப்பத்தாவோடும் எடுக்கும் படங்களை அந்தப் பத்து நிமிஷத்தில் முடிக்கணும். உறவுமுறை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். நீங்களே கூப்பிட்டால் முறை மாறிப்போய் வம்பாகிவிடும்.

கோவை

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு வீட்டு ஷூட்டுக்குப் போக வர 2 மணி நேரம், அங்கே 3, படம் பொறுக்க 1, ஒரு படத்துக்கு 15 நிமிஷம் என்று 20 படம் எடிட் செய்ய 5. ஆக 11 மணி நேரம். 3 லட்சத்துக்குச் சாமான் வாங்கி மூன்று வருஷம் ஓட்டினால், வருஷத்துக்கு 50 ஷூட் செய்தாலும் ஒவ்வொன்றின் தலையிலும் சாமானுக்கு மட்டும் 2,000 ரூபாய். இதைப் போடாமல் விலை சொல்பவர் இரண்டாம் வருஷம் லென்ஸை விற்பார். வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேணும், 18 சதவீதம்.

பிறக்கும் முன் அட்வான்ஸ் கேட்டால் முகம் சுளிப்பார்கள், பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில்கூட வாங்காத வீடுகள் உண்டு. கர்ப்பிணிக்குச் செய்யும் கட்டுச்சோறு விருந்துக்கு வேலை பிடியுங்கள். அதற்கு வாங்கும் தொகையிலேயே பின்னால் வரும் குழந்தைப் படத்துக்குக் கழிவு தருவதாக எழுதிக் கொடுங்கள். பிரசவத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், பணத்தைப் பேர் வைக்கும்போது பேசிக்கொள்ளலாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணக்காரர்கள் சும்மா இருப்பார்கள், குழந்தைகள் மாதம் பார்த்துப் பிறப்பதில்லை.

பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று பலூன் உடைத்து அறிவிக்கும் ஷூட்டை யாராவது கேட்டால் ஒரே பதில்: முடியாது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து வெளியிடுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

படத்தை வெளியே போடுவதற்குத் தனித்தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். 2023-இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர் விஷயத்தில் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. "படம் எடுங்க, பேஸ்புக்ல போட்டுறாதீங்க" என்கிற வீடுகள் நிறைய. அங்கே முகம் தெரியாத படங்களைக் கேட்டு வாங்குங்கள்: அப்பத்தாவின் கையில் ஐந்து விரல், கிட்டத்தில் எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் பாதம், பிடரி முடி. ஆடையில்லாப் படம் சம்மதம் இருந்தாலும் வெளியே போகக்கூடாது.

கரூர்

எடிட்டிங் பற்றி இரண்டு வார்த்தை. பொரிப்பொரியாக இருப்பதையும் தோல் உரிவதையும் அழிக்கலாம். மச்சத்தையும் பிறவித் தழும்பையும் கேட்காமல் தொடாதீர்கள். தோல் மஞ்சளாக இருந்தால் மஞ்சளின் செறிவைக் கொஞ்சம் இறக்கலாம். கண்ணின் வெள்ளையே மஞ்சளாக இருந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், அன்றைக்கே. "சித்த வெள்ளையாப் பண்ணிக் குடுங்க" என்று கேட்பார்கள். கிரே கார்டு (நிறம் சரிபார்க்கும் சாம்பல் அட்டை) வைத்து எடுத்த படத்தையும் தாயின் கையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பெரும்பாலும் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வசம்பு வளையலைக் கழற்றச் சொல்லாதீர்கள், சொன்னால் வீடே திரும்பிப் பார்க்கும். ஆனால் கையைக் கன்னத்துக்கடியில் வைத்துத் தூங்க வைக்கும்போது வளையல் கன்னத்தில் பதிந்து பத்துப் பதினைந்து நிமிஷம் சிவந்த தடமாக நிற்கும். முன்கையில் மேலே நகர்த்திவிட்டு அப்புறம் கையை வையுங்கள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் அழிக்க வேண்டாம். ஆல்பத்தைக் கையில் வாங்கியதும் அமுச்சி முதலில் தேடுவது அந்தப் பொட்டைத்தான்.